விடுபட்ட வெடிப்பு

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு, நடைச்சுவரில் தொங்கிய தாளில் இருந்த ஆடுகளை அவள் எண்ணினாள். நான்கு. எண்ணிக்கையில் குறை இல்லை. ஆனால் மூன்று ஆடுகள் படத்தில் எதிரே இருந்த பெரிய மிருகத்துக்கு முன்னால் நின்றன, ஒன்று மட்டும் அதன் வாலுக்குப் பின்னால் போய் நின்றது. சனிக்கிழமை மலையில் படி எடுத்தபோது நான்குமே முன்னால்தான் நின்றன.

படி எடுப்பதுதான் அவள் வேலை. மலைப்பாறைகளில் ஆதிகாலத்து ஆட்கள் கல்லால் கொத்திவைத்த ஆடு, மான், நாய் இவற்றின் மேல் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாளை ஒட்டி, உள்ளே தெரியும் கொத்தல்களின் மேலேயே பேனாவை ஓட்டி, அச்சு அசலாக எடுத்துக்கொண்டு வரவேண்டும். பதினாறு வருஷமாக அதைத்தான் செய்கிறாள். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் 'படியக்கா'. சம்பளப் பட்டியலில் அவளுக்கு வேறு ஒரு பெயர் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. பாறை மேலேயே தாளை வைத்து வரைவதால், அவசரத்தில் கோடு கொஞ்சம் கோணலாகலாம், ஒரு கொம்பு விட்டுப்போகலாம். முன்னால் நின்ற ஆடு பின்னால் போக வழியே இல்லை.

பயம் வரவேண்டிய இடம் அது என்று அவளுக்கே தெரிந்தது. வரவில்லை. சனிக்கிழமை முழுக்கக் குளிர்ந்த பாறையில் கையை வைத்திருந்ததில் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. மூன்று நாளாகியும் உணர்ச்சி திரும்பவில்லை. வெந்நீரில் முக்கினாள், தைலம் தடவினாள், ஊதிப் பார்த்தாள். அந்த மரமரப்பு மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏறி, இப்போது மனசுக்குள்ளும் கொஞ்சம் போய்விட்டதோ என்னவோ.

இந்தத் தாள் வீட்டுக்கு வந்திருக்கவே கூடாது. அலுவலகக் கூரை ஒழுகி, மேசைகளை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு ஆட்கள் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதைத் திருத்தி சுத்தப்படி போட நீளமான சுவர் வேண்டும். முன்னறையிலிருந்து சமையலறைக்குப் போகிற நடையில் அந்த நீளம் இருந்தது. கடைசியில் இருந்த சிறிய ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் சரிந்து விழும். கொத்தல்களைப் பார்க்கச் சரிந்த வெளிச்சம்தான் வேண்டும். உச்சி வெயிலில் பாறை வெறும் பாறை. வெயில் சாய்ந்தால்தான் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும்.

முன்னறையில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்துக்கு நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, போகிறவர் வருகிறவர் நடை உடை பாவனைக்கெல்லாம் மார்க் போடுவது அவள் வழக்கம். கண்டிப்பான வாத்தியார். பாஸ் ஆனவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இன்று நாற்காலி நடைப்பக்கம் திரும்பியிருந்தது. மாமியார் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நடைச்சுவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, டீ போடவா?"

அவள் மாமியார் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"அத்தை, என்ன ஆச்சு? தலை சுத்துதா?"

மாமியாரின் கண்கள் திறந்திருந்தன. மூச்சு சீராக வந்தது. தோளைத் தொட்டு உலுக்கினால் உடம்பு குலுங்கியது, முகம் மட்டும் அந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை. நாற்காலியோடு சேர்த்து அவளைத் தெருப்பக்கம் திருப்பினாள். மாமியார் எழுந்தாள். முட்டிவலி என்று மூன்று வருஷமாகக் கையைப் பிடித்துத் தூக்கினால்தான் எழுந்திருப்பவள், சர்வ சாதாரணமாக எழுந்து, திரும்பி, நடையைப் பார்த்தபடி நின்றுகொண்டாள்.

புருஷன் வேலை முடிந்து வந்து டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தான். டாக்டர் கண்ணில் டார்ச் அடித்து, முட்டியைத் தட்டி, ரத்த அழுத்தம் பார்த்து, எல்லாம் என்னைவிட நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். புருஷனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. "தினமும் அம்பது மாடி ஏறி இறங்குறேன், ஒரு இடத்துக்கும் போய்ச் சேரலை" என்று தன்னைத்தானே கிண்டல் பண்ணிக்கொள்கிறவன். அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. அம்மாவின் முன்னால் போய் நின்றான். அவள் அவனைத் தாண்டிப் பார்த்தாள். அவன் ஒதுங்கினான்.

"அங்கே என்னதான் பாக்கறாங்க?"

"என் தாளு தொங்குது. அவ்வளவுதான்."

"அதை எடுத்துடு."

எடுத்தாள். சுருட்டி, தாள் வைக்கிற குழாய்க்குள் போட்டு, மூடியைத் திருகி, அலமாரி மேல் வைத்தாள். மாமியாரின் முகம் நடையை விட்டு, சாவதானமாக, அலமாரிப் பக்கம் திரும்பியது.

அன்று ராத்திரி படுக்கையில் அவள் சனிக்கிழமையைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். மலைச்சாலையை அகலப்படுத்த அந்தப் பாறையை உடைக்கப்போகிறார்கள் என்று வெள்ளிக்கிழமைதான் தகவல் வந்தது. வெடி வைக்கிறவர் சாயங்காலம் நாலு மணி வரை டைம் கொடுத்தார், அதுவும் ஏதோ தன் சொத்தை எழுதிக் கொடுக்கிற மாதிரி. பத்து மணி வரை பனிமூட்டம். ஆள் உயரப் பாறை, பாதிக்கு மேல் பாசி. பாறையில் ஆடுகள் நிறைய இருந்திருக்கும் போல, தேய்ந்து மங்கிக் கிடந்தன. அவள் கைக்குச் சிக்கியது நான்குதான். கொம்பு வளைந்த கிழ ஆடு ஒன்று, பெரிய கிடா ஒன்று, ஒரு பெட்டை, அதன் வயிற்றோரமாகக் குட்டி ஒன்று. நான்கும் வலது பக்கம் பார்த்து, தலையைத் தாழ்த்தி, கொம்பை நீட்டிக்கொண்டு நின்றன. எதிரில் அந்த மிருகம். நீள உடம்பு, மெல்லிய கால்கள், நிலத்தைத் தொடும் வால். தலை இல்லை. கழுத்து நீண்டு வந்து அப்படியே நின்றுவிட்டது.

இரண்டுக்கும் நடுவில் பாறை மேலிருந்து கீழ் வரை வெடித்திருந்தது. அதை அவள் வரையவில்லை.

படி எடுப்பதில் ஒரு விதி உண்டு. மனிதன் கொத்தினது முழுக்கோடு, பாறை தானாக வெடித்தது புள்ளிக்கோடு. நேரம் போதாதபோது எல்லோருமே புள்ளிக்கோட்டைத்தான் விட்டுவிடுவார்கள். வெடிப்பு எங்கே ஓடிவிடப் போகிறது, போட்டோவைப் பார்த்து அப்புறம் போட்டுக்கொள்ளலாம். அவளும் அப்படித்தான் தாளைச் சுருட்டினாள். மலை இறங்கி வண்டியில் ஏறும்போது பின்னால் வெடிச்சத்தம் கேட்டது. கல்லும் கல்லும் உரசினால் வருமே ஒரு தீய்ந்த வாசனை, அது வண்டிக்குள்ளேயும் வந்து, வீடு வரை கூட வந்தது.

இப்போதும் அந்த வாசனை. அலமாரிப் பக்கமிருந்து.

புதன்கிழமை புருஷன் லீவு போட்டான். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிப் பார்த்தான், உள்ளே போனது போனபடி கடைவாய் வழியே வழிந்தது. அவள் அலுவலகம் போகாமல் அர்த்தம் சாருக்கு போன் போட்டாள். அவர் அவள் கொண்டுவரும் படிகளுக்கு விளக்கம் எழுதுகிறவர். எந்த மிருகத்தைக் காட்டினாலும் அர்த்தம் சொல்லிவிடுவார். ஆடு என்றால் மழை, மான் என்றால் வருஷம், நாய் என்றால் செத்தவனுக்கு வழித்துணை. அவர் மேசைக்கு மேல் ஒரு பட்டியலே ஒட்டியிருக்கும். பல்லி சுவரில் ஓடினாலும் சார் அர்த்தம் எழுதிவிடுவார் என்று போட்டோக்காரர் கேலி பண்ணுவார்.

"சார், தலை இல்லாத மிருகம்னா என்ன அர்த்தம்?"

"முடிக்காம விட்டுட்டான்னு அர்த்தம். கொத்தினவனுக்குப் பசிச்சிருக்கும், சாப்பிடப் போயிருப்பான்."

"விளையாடாதீங்க சார். இது மாதிரி வேற எங்கேயாவது பாத்திருக்கீங்களா?"

அந்தப் பக்கம் பூச்சு ஆட்கள் கரண்டி தேய்க்கிற சத்தத்துக்கு நடுவே அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரெண்டு இடத்துல. ரெண்டுலயும் தலை வரவேண்டிய எடத்துல பாறை வெடிச்சிருந்துது. பட்டியல்ல அதுக்கு நான் ஒண்ணும் எழுதலை. ஏன் கேக்கறே படியக்கா?"

"சும்மாதான். நம்ம பாறையோட போட்டோவுல வெடிப்பு தெரியுதா?"

"பனின்னு சொல்லிட்டு ஃபிளாஷ் போட்டு எடுத்திருக்கான் அந்தப் புண்ணியவான். தட்டையா வெள்ளை வெளேர்னு இருக்கு. ஆடு தெரியறதே பெரிய விஷயம்."

"பாறைத் துண்டு ஏதாவது கிடைக்குமா?"

"அது ஜல்லியாகி ரோட்டுக்கே போயிருக்கும்மா."

நாலரை மணிக்குக் குழாயைத் திறந்து தாளை நடைச்சுவரில் விரித்து மாட்டினாள். ஏன் விரித்தாள் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. பல்வலிக்காரன் நாக்கால் அந்தப் பல்லையே தொட்டுப் பார்ப்பது போலத்தான். கிழ ஆட்டுக்குப் பக்கத்தில், வாலுக்குப் பின்னால், பெரிய கிடா நின்றது. இரண்டும் மிருகத்துக்கு முதுகைக் காட்டி எதிர்ப்பக்கம் பார்த்து நின்றன, எங்கேயோ கிளம்பிப் போகிற மாதிரி. முன்னால் பெட்டையும் குட்டியும் மட்டும். மிருகத்தின் கழுத்து சனிக்கிழமை இருந்த இடத்தைவிட ஒரு சாண் முன்னால் வந்திருந்தது.

"என்னங்க" என்று கூப்பிட்டாள்.

குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நிற்கவில்லை. போய்ப் பார்த்தாள். வாளி நிறைந்து வழிந்து, தரையெல்லாம் ஓடி, அவன் செருப்பை அடித்துக்கொண்டு போயிருந்தது. கையில் சோப்போடு, பாதி முகத்தில் நுரையோடு, அவன் சுவரைப் பார்த்து நின்றான். அந்தச் சுவருக்கு அப்புறம் நடை. நடையில் தாள்.

அவள் தண்ணீர்க் குழாயை மூடினாள். துண்டை எடுத்து அவன் முகத்து நுரையைத் துடைத்தாள். கண்ணுக்குள் சோப்பு போயிருந்தது, கண் சிவந்திருந்தது, அவன் இமைக்கவில்லை. கதறி அழவேண்டும், ஊரைக் கூட்டவேண்டும், தெருவில் இறங்கி ஓடவேண்டும். அதெல்லாம் யாரோ பக்கத்து வீட்டுக்காரி செய்யவேண்டிய வேலை போலத் தூரத்தில் இருந்தது. அவள் தரையைத் துடைத்தாள். செருப்பை எடுத்து வெயிலில் வைத்தாள்.

பிறகு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தாளுக்கு முன்னால் வந்தாள். மிருகத்தை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம் என்று யோசனை. கத்தரியின் முனை பிளாஸ்டிக்கைத் தொட்டதுமே முன்னறையில் மாமியார் வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டாள். குளியலறையிலிருந்து அதே சத்தம், அதே நேரத்தில், அவன் குரலில். மனுஷச் சத்தம்தான். தூக்கத்தில் குத்துப்பட்டவர்கள் போடுகிற சத்தம். கத்தரி கீழே விழுந்தது.

அறைக்கதவைத் திறந்துகொண்டு மகள் எட்டிப் பார்த்தாள். ஏழு வயசு. கையில் கலர் பென்சில், கன்னத்தில் பச்சைக் கோடு.

"அம்மா, பாட்டி ஏன் கத்தறாங்க?"

அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. அந்த மரமரப்புக்குள்ளும் ஒரே ஓர் இடம் மரத்துப்போகாமல் மிச்சமிருந்தது, அது இந்தப் பச்சைக் கோடு போட்ட கன்னம். குட்டி ஆடு இன்னும் முன்னால்தான் நிற்கிறது. நாளைக்கு நாலரை மணி வரை.

"ஒண்ணுமில்லைடா குட்டி. பாட்டிக்குக் கால் வலி. நீ போய்ப் படம் போடு."

வியாழக்கிழமை காலையில் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. இரண்டு செட் துணி, ஒரு ரொட்டிப் பாக்கெட், பல்துலக்கும் பிரஷ். தங்கை வீட்டுக்குப் பஸ்ஸில் நாலு மணி நேரம். தாள் இங்கேயே கிடக்கட்டும், மிருகம் இங்கேயே கிடக்கட்டும், குழந்தையை எட்டாத தூரத்துக்குக் கொண்டுபோய்விடவேண்டும். புருஷனையும் மாமியாரையும் பூட்டிய வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோமே என்ற நினைப்பு வந்தது, வலித்திருக்கவேண்டும், வலிக்கவில்லை. பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டு அடம் பிடித்து வாங்கிக்கொண்டாள் மகள். முதல் ஒரு மணி நேரம் வாய் ஓயவில்லை. மாடு, லாரி, அந்த மாமா ஏன் தொப்பி போட்டிருக்காரு, சித்தி வீட்டு டிவி பெரிசா நம்ம டிவி பெரிசா. பிறகு பேச்சு குறைந்தது. சீட்டில் மண்டி போட்டு, பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். குழந்தைகள் உட்காருவதுதான். அவள் ரொட்டியைப் பிட்டு நீட்டினாள். மகள் வாங்கிக்கொள்ளவில்லை.

பஸ் ஒரு பெரிய வளைவில் திரும்பியது. மகளின் தலை மெல்ல நகர்ந்து ஜன்னலுக்கு வந்தது. அடுத்த வளைவில் மறுபடி பின்பக்கம். பஸ் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தச் சின்ன முகம் மட்டும் ஒரே திசையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. வீட்டுத் திசை.

"குட்டி."

"உம்."

"அம்மாவைப் பாரு."

"பாக்கறேன்மா" என்றாள் குழந்தை, திரும்பாமல்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். இரண்டு மணி நேரம் காத்திருந்து, எதிர்ப்பக்கம் வந்த முதல் பஸ்ஸில் ஏறினாள். நிற்கத்தான் இடம் கிடைத்தது. மேலே இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மகளை இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றபோது, கம்பியில் ஆயிரம் கை பட்டுத் தேய்ந்து வழவழவென்று இருந்த இடத்தில் அவள் உள்ளங்கை படிந்தது. விரல் நுனிதான் மரத்திருந்தது, உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது. அந்த வழவழப்பு அவளுக்குத் தெரிந்த வழவழப்பு.

சனிக்கிழமை பாறையில் பாசி வழிக்கும்போது வெடிப்புக்குள்ளும் கையை விட்டிருந்தாள். தானாக வெடித்த கல் கையை அறுக்கும், ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். அது அறுக்கவில்லை. மேலிருந்து கீழ் வரை வழவழவென்று இருந்தது. யார் யாரோ, எத்தனையோ காலம், கல்லை வைத்துத் தேய்த்துத் தேய்த்து ஆழப்படுத்தியிருக்கிறார்கள். ஆட்டைக் கொத்தியவன் ஒருநாளில் கொத்திவிட்டுப் போயிருப்பான். அந்தக் கோட்டுக்குத் தலைமுறை தலைமுறையாக ஆள் வந்திருக்கிறது. மிருகத்தின் கழுத்து அங்கே வந்து நின்றுபோனதற்குக் காரணம் கொத்தினவனின் பசி இல்லை. அங்கே ஒரு கோடு இருந்தது. அதைத் தாண்ட மிருகத்தால் முடியவில்லை. அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் அவள் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள்.

நான்கு ஆடு. வீட்டில் நான்கு பேர்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தபோது மணி நாலு ஐந்து. புருஷனும் மாமியாரும் நடைக்கு வந்திருந்தார்கள். எப்போது வந்தார்கள், எப்படி வந்தார்கள் என்று யோசிக்க நேரமில்லை. தாளுக்கு எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி, ஒருவர் பக்கத்தில் ஒருவராக நின்றார்கள். மகள் அவள் கையை விட்டாள். நேராக நடந்து போய், அப்பா பக்கத்தில் நின்றுகொண்டாள். தாளில் குட்டி ஆடு இன்னும் முன்னால்தான் இருந்தது. கழுத்துக்கும் குட்டிக்கும் நடுவில் இரண்டு விரல் இடம்.

அழியாத கறுப்பு மை. தடித்த பேனா. மூடியைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

வெடிப்பு எங்கே தொடங்கியது என்று நினைவிருந்தது. மேலே, பாறையின் உச்சியில் இருந்த துரு நிறக் கறைக்குக் கீழே. அங்கிருந்து நேராக ஒரு முழம். பிறகு? கண்ணால் பார்த்த ஞாபகம் இல்லை. பாசி வழிக்கும்போது விரல்தான் அதன் போக்கைத் தெரிந்துகொண்டது. அந்த விரலில் உயிர் இல்லை. பேனா இருக்கிறதா நழுவிவிட்டதா என்று பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஜன்னலிலிருந்து வெயில் சரிந்து தாளின் ஓரத்தைத் தொட்டது.

வைத்தாள். இழுத்தாள். படி எடுக்கிறவர்கள் படத்தைப் பார்க்கமாட்டார்கள், பேனா முனையை மட்டும் பார்ப்பார்கள். படத்தைப் பார்த்தால் கண் ஆட்டை ஆடாக்கிவிடும், கொம்பை அழகாக்கிவிடும், கோடு பொய்யாகிவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக் கொடுத்தது. பதினாறு வருஷப் பழக்கம். முனை. முனை மட்டும். புள்ளிக்கோடு இல்லை, முழுக்கோடு.

ஒரு முழம். கொஞ்சம் இடது. அங்கே ஒரு மேடு இருந்தது, சுற்றிக்கொண்டு வந்தது. கீழே.

பிளாஸ்டிக் தாள் சரசரத்தது. காற்று இல்லை.

தீய்ந்த கல் வாசனை. அதற்கு அடியில் வேறு ஒன்று. நனைந்த ரோமம். சூடான ரோமம்.

பார்க்காதே. முனை.

கீழே. இன்னும் கீழே. முட்டி போட்டாள். முதுகுக்குப் பின்னால் மூன்று பேர் மூச்சும் ஒரே மூச்சாகப் போய்வந்தது. உள்ளே. வெளியே. உள்ளே.

வெயில் அவள் கைமேல் ஏறியது.

கடைசி ஒரு சாண். தாளின் அடி ஓரம் வந்தது. பேனா தாளை விட்டுத் தரையில் இறங்கி ஒரு சின்னக் கறுப்பு வால் போட்டு நின்றது.

முடிந்தது.

பின்னால் மூச்சு நின்றது.

பிறகு மாமியார் இருமினாள். வழக்கமான இருமல், தொண்டையைச் செருமிக்கொண்டு குறை சொல்லத் தொடங்குமுன் வருமே, அது. "ஏம்மா, எவ்வளவு நேரம்தான் இப்படி நிக்கறது? ஒரு டீக்குக் கூட வழியில்லையா இந்த வீட்டுல?"

"என் செருப்பு எங்கே?" என்றான் புருஷன். கொட்டாவி விட்டான். "தூங்கிட்டேனா என்ன?"

அவளுக்கு அழுகை வந்தது. மூன்று நாளில் முதல் தடவை. சுவரைப் பிடித்துக்கொண்டு, முட்டியிலிருந்து எழுந்து, ஓர் அடி பின்னால் வந்து, முழுத் தாளையும் பார்த்தாள்.

கோடு நன்றாக விழுந்திருந்தது. மேலிருந்து கீழ் வரை இடைவெளி இல்லாமல், அழுத்தமாக, கறுப்பாக.

கோட்டுக்கு இடது பக்கம் பெட்டை ஆடு. தனியாக.

வலது பக்கம் மூன்று. கிழ ஆடு, கிடா, குட்டி. எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு அல்ல. மூன்றும் திரும்பியிருந்தன. கோட்டை ஒட்டி வந்து நின்றன. குட்டி முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கிக் கோட்டின் மேல் வைத்திருந்தது. அதன் வாய் திறந்திருந்தது.

மிருகத்தைத் தேடினாள். வலது பக்கம் தேடினாள், இடது பக்கம் தேடினாள், தாளின் நான்கு ஓரமும் தேடினாள்.

தாளில் மிருகம் இல்லை.

"அம்மா" என்றது பின்னாலிருந்து மகளின் குரல். அதே குரல். கொஞ்சம் செல்லம், கொஞ்சம் சிணுங்கல். "பசிக்குதும்மா."

சமையலறையில் மாமியார் பாத்திரத்தை உருட்டினாள். புருஷன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நடந்தான். நனைந்த ரோமத்தின் வாசனை வீடு முழுக்க இருந்தது, ரொம்ப நாளாகக் குடியிருக்கிற வாசனை மாதிரி.

ஒரு சின்னக் கை வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது. அவள் திரும்பவில்லை. அந்தக் கை சூடாக இருக்கிறதா, கல் மாதிரிக் குளிர்ந்திருக்கிறதா, அதில் விரல்கள் இருக்கின்றனவா என்று தெரிந்துகொள்ளப் பார்த்தாள். மரத்துப்போன விரல்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

தாளில் குட்டி வாயைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கையைப் பிடித்திருந்தது மெல்ல இழுத்தது.